பின்னந்தலை

இறந்துபோன கணவனுக்குச் சிலை செய்யச் சொல்லிப் புகைப்படத்தோடு வருகிற பெண்களிடம் அவள் முதலில் ஒரு கேள்வி கேட்பாள். “வண்டியில அவரு பின்னால குந்திகினு போவியாக்கா?”

துக்கம் ஆறாமல் வந்தவர்களுக்கு அது என்ன கேள்வி என்று புரியாது. புகைப்படத்தை நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். அவள் அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “இது எங்கயும் ஓடிப் போவாது. மூஞ்சி போட்டோவுல கீது. பின்னந்தலை எந்த போட்டோவுல கீது? அது உன்கிட்டதான் கீது. சொல்லு,” என்பாள்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் வந்தபோது நானும் அவளுடைய கொட்டகையில் இருந்தேன். கணவர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணமான நாள் முதல் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவர்தான் அந்த அம்மாள். ஆனால் கேட்டதும் கையை விரித்துவிட்டார்.

“எங்கம்மா தெரியும்? எப்பவும் ஹெல்மெட் போட்டுக்குவாரு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை. “சட்டம் தெரிஞ்ச மனுசன். சிக்னல்ல கழட்டுவாரா?”

“கழட்டுவாரு. வேர்க்குதும்பாரு.”

“கழட்டி?”

“சொறிஞ்சுக்குவாரு.”

“எங்க?”

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. எழுந்துபோய், கம்பிக்கூட்டில் அப்பியிருந்த மொட்டைக் களிமண் உருண்டைக்குப் பின்னால் நின்று, வலது காது வரவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்தார். “இங்க. இங்க ஒரு மேடு இருக்கும். சின்ன வயசுல மாடிப் படியில விழுந்தது.” வைத்த விரல் வைத்தபடி இருக்க, அழ ஆரம்பித்துவிட்டார்.

“அழுவுக்கா, நல்லா அழுவு,” என்றாள் அவள். “கைய மட்டும் எடுக்காத.”

அந்த விரலுக்கடியில் மண்ணை ஒட்டி ஒட்டி ஒரு மேட்டைக் கொண்டுவந்தாள். குமாஸ்தாவின் தலை அந்த மேட்டிலிருந்துதான் வளர்ந்தது. முகம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. வந்தபோது, கவிழ்த்து வைத்த புகைப்படத்தை அவள் ஒருமுறைதான் நிமிர்த்திப் பார்த்தாள்.

நான் சிற்பம் படித்தவன். சிற்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவளும் நானும் கலைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அந்த உரிமையில்தான் ‘அவள்’ என்று எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் இருக்கும் வெண்கலச் சிலையோடு அந்தப் பெயரைச் சேர்த்து நினைவு வைத்திருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அவள் அல்ல, நான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

கல்லூரியில் முதல் நாள் தலை செய்யும் வகுப்பு. மாடலாக வாயிற்காவலர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் முகத்துக்கு எதிரே இடம் பிடிக்க எங்களுக்குள் தள்ளுமுள்ளு. நான் சீக்கிரமே வந்து நேர் எதிரே பலகையைப் போட்டுவிட்டேன். அவள் தாமதமாக வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். காவலரின் முதுகுப் பக்கம் ஆளே இல்லை. அங்கே போய் நின்றுகொண்டாள்.

“முன்னாடி வாம்மா, முகத்தைப் பார்த்துச் செய்,” என்றார் ஆசிரியர்.

“பரவால்ல சார். இங்க காத்து வருது.”

வகுப்பே சிரித்தது. வாரக் கடைசியில் தலைகளை வரிசையாக வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை. என்னுடையதில் ஒவ்வொரு அளவும் சரியாக இருந்தது. காலிப்பர் வைத்து அளந்து செய்திருந்தேன். அவளுடையதில் முகம் பாதிகூட முடியவில்லை. ஆனால் அந்தக் காவலர் நேராக அவள் செய்ததிடம் போய், “நான்தான்,” என்றார். என்னுடையதைத் தாண்டித்தான் போனார்.

ஏன் பின்னாலிருந்து பார்க்கிறாய் என்று பிறகு கேட்டேன். அவள் வீடு பட்டினப்பாக்கம் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர்.

“எங்கப்பா கடலுக்குப் போறப்ப முதுகுதான் தெரியும் நைனா.”

“திரும்பி வரும்போது?”

“வர்றப்ப எல்லாரு கண்ணும் மீன் மேல. எவன் மூஞ்சியப் பாத்தான்?”

இப்படித்தான் பேசுவாள். ஒரு விஷயத்தைச் சொல்லும்போதே அதைக் கேலியும் செய்துவிடுவாள். நாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு பிரமிக்க விடமாட்டாள்.

என் வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அவள் குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன், அவள் அம்மா வறுத்துக் கொடுத்ததை வீட்டுக்குத் தெரியாமல் தின்றிருக்கிறேன். அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதில்லை. இதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

படிப்பு முடிந்து எனக்குக் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அவள் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சங்கத் தலைவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், டாக்டர்கள், விபத்தில் போன பிள்ளைகள் என்று யார் யாரோ அந்தக் கொட்டகையில் களிமண்ணாக உயிர்பெற்றார்கள். வேலைக்கு வேண்டியவர்கள் என்னிடமும் வருவார்கள். வந்துவிட்டு, போகும்போது தயங்கி, “மந்தைவெளியில ஒரு அம்மா இருக்காங்களாமே, எந்தத் தெரு சார்?” என்று என்னிடமே வழி கேட்பார்கள்.

பொறாமை எரியும் என்று சொல்வார்கள். எனக்கு எரியவில்லை. முடி வெட்டிக்கொண்டு வந்த பிறகு சட்டைக் காலருக்குள் ஒரு துண்டு முடி நின்றுகொள்ளுமே, அப்படி இருந்தது. கையை விட்டுத் தேடினால் கிடைக்காது. தலையைத் திருப்பினால் குத்தும்.

என் மாமனார் இறந்தபோது அது நன்றாகவே குத்தியது. வீட்டிலேயே சிற்பி இருக்கும்போது வெளியே யாரைக் கேட்பது? நானே அவருக்கு மார்பளவுச் சிலை செய்தேன். கோடை விடுமுறை முழுவதும் செய்தேன். அடையாறு வீட்டில் மாமியார் முன்னால் துணியை விலக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாப்பிள்ளை பண்ணினது. நன்னாருக்கு,” என்றார். பிறகு, தூசி படியும் என்று சொல்லி, விலக்கிய துணியைத் தானே மறுபடியும் போர்த்தினார்.

அன்றிரவு என் மனைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள். “ஏன்னா, கோச்சுக்காதேங்கோ. உங்க சிநேகிதி இருக்காளே, அவாகிட்ட கேக்கலாமா? அம்மா வாயைத் திறந்து சொல்லமாட்டா. ஆனா அது அப்பா இல்லை.”

கோபித்துக்கொள்ளவில்லை. நானே அழைத்துப் போனேன். பெருந்தன்மையானவன் என்று பெயர் எடுப்பதிலும் எனக்கு ஆசை உண்டு.

களிமண் தலை தயாரானதும் மாமியாரை மந்தைவெளிக்குக் கூட்டிப் போனோம். கொட்டகைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமனார் அங்கே இருந்தார். ஆனால் இடது புருவம் மட்டும் சரியில்லை. வெறும் கோடாக, தட்டையாகக் கிடந்தது. இவ்வளவு செய்தவளுக்கு இது எப்படித் தவறியது என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

மாமியார் சுற்றி வந்தார். புருவத்தின் முன் நின்றார். “இது இப்படி இருக்காதே. அவருக்கு இந்தப் பக்கம் சித்த ஏறிண்டிருக்கும். யாரானும் பொய் சொன்னா இன்னும் ஏறும்.”

“எவ்ளோம்மா? காட்டு.”

மாமியார் தன் ஆள்காட்டி விரலால் மண்ணைத் தொட்டு, புருவத்தை மேலே தள்ளினார். சிலை அவரைப் பார்த்தது. அப்படித்தான் சொல்ல முடியும். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஆமா, என்ன பொய் சொல்லிட்டேன் இப்போ?” என்று அந்த மண்ணிடம் கேட்டார்.

அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து அவளைப் பாராட்டினேன். புருவத்தை எப்படித் தவறவிட்டாய் என்றும் கேட்டேன்.

“வாத்தியாரே, நீ படிச்ச மண்டைபா,” என்று சிரித்தாள். நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்கு வாத்தியார் என்றுதான் பெயர். “அது திருஷ்டிப் பொட்டு.”

ஒவ்வொரு தலையிலும் தெரிந்தே ஒரு பிழையை விட்டுவைப்பாள். வீட்டுக்காரர்களில் யாருக்கு எது தெரியும் என்று பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடித்து, அதையே விடுவாள். அவர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், “இது இப்படி இல்லையே” என்று விரல் வைப்பார்கள். பொட்டு அழியும்.

“நானே எல்லாத்தையும் செஞ்சு குட்த்தா அது என்னோட பொம்மை. கடைசிக் கை அவங்களுதா இருந்தாதான் அவங்க வூட்டு ஆளு. இன்னா புரியுதா?”

இன்னொன்றும் சொன்னாள். வீட்டார் வாயால் ‘ஆச்சு’ என்று சொன்ன பிறகு அந்த மண்ணில் அவள் விரல் படாது. தொழிலின் ஆரம்பத்தில் ஒருமுறை, ஒரு தாய் ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போனபின், உதட்டைக் கொஞ்சம் மெருகேற்றலாமே என்று தொட்டிருக்கிறாள். வார்த்த பிறகு வந்து பார்த்த அந்தத் தாய், “நேத்து என் புள்ளை இருந்தானே, எங்க?” என்று கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

“அன்னிக்கு மாதா மேல சத்தியம் பண்ணிகினேன். ஆச்சுன்னா ஆச்சு.”

இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்தவரை வேறு யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் அப்புறம் பொட்டுக்கு என்ன அர்த்தம்?

பல வருடங்கள் கழித்து, அவள் பெயர் நன்றாக நிலைபெற்ற காலத்தில், அந்த ஜவுளிக்கடை வேலை வந்தது. கடையை ஆரம்பித்தவர் தெற்கிலிருந்து வந்து, சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்று, பிறகு தியாகராய நகரில் கடை போட்டவர். அவருக்கு வாசலில் வெண்கலச் சிலை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடக்கிற வாசல்! அதே சமயம், அடையாறில் ஒரு பழைய கல்வி அறக்கட்டளை தன் நிறுவனர்களின் தலைகளை வரிசையாக மண்டபத்தில் வைக்கத் திட்டமிட்டிருந்தது. அதையும் அவளுக்கே கொடுப்பதாகப் பேச்சு. “யாரு யாரு சம்சாரம் உசிரோட கீறாங்கன்னு விசாரிச்சிகினு கீறேன்,” என்று குஷியாகச் சொன்னாள். மண்டபம் நிறைய அவள் கைத் தலைகள் நிற்பதை நான் அன்றிரவு படுக்கையில் பார்த்தேன்.

ஜவுளிக்கடையின் மூத்த மகனை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் என்னைக் கல்லூரியில் வந்து பார்த்தார். “நாங்க துணி பாத்து வளந்தவங்க சார். சிலை பத்தி ஒண்ணுந் தெரியாது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொன்னீங்கன்னா மனசுக்குத் திருப்தியா இருக்கும்.”

போனேன். கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான். அவள் ஈரத்துணியை எடுத்தாள்.

மாமனார் தலை நினைவுக்கு வந்தது. அதைவிட இது பெரிய வேலை. கடன் சொல்லி வாங்குகிறவர்களையும் உட்காரவைத்துத் துணி காட்டிய மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பொட்டு எங்கே என்று தேடினேன். அதிக நேரம் ஆகவில்லை. இடது காது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து இறங்கி, வெளியே விரிந்து தொங்கியது.

அண்ணாச்சி முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு மெதுவாகப் பின்பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

“சின்னப் புள்ளையில அய்யா சைக்கிள்ல மூட்டைக்கு மேல என்னய உக்கார வச்சிருப்பாவ,” என்றார் தனக்குள் பேசுவது போல. “ரெண்டு பக்கமும் காதைப் பிடிச்சிக்கிட்டுதான் போவேன். இந்தக் காது... ஏதோ ஒண்ணு இடிக்கி...”

அவருடைய கை காதை நோக்கி எழுந்தது. அவள் மூச்சு விடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காதை அவருக்காகத்தான் விட்டுவைத்திருந்தாள்.

“காதைத்தானே சொல்றீங்க?” என்றேன் நான். “அதுதான் சார் இதுல உச்சம்.”

கை நின்றது.

“நம்ம பழைய விக்கிரகங்கள்ல காது எப்படி இருக்கு? இறங்கித்தானே இருக்கு? மகாபுருஷ லட்சணம். தெரிஞ்சு செஞ்சிருக்காங்க. இதுக்கு மேல ஒரு விரல்கூடப் படக் கூடாது. இன்னிக்கே வார்க்கக் கொடுக்கலாம்.”

இன்னும் பேசினேன். வகுப்பில் பேசுவது போல, சோழர் காலம், பல்லவர் காலம் என்று எல்லாவற்றையும் இழுத்தேன். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாழ்நாளில் அவளை அவ்வளவு பாராட்டியது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், தொடக்கூடாததைத் தொடப்போனவர் போல.

அவள் என்னையே பார்த்தாள். “வாத்தியாரே. நல்லாப் பாத்து சொல்லு.”

“நல்லாத்தான் பார்த்தேன்.”

“சரி. அண்ணாச்சி, நீ சொல்லு. உங்கப்பா. உனக்கு இன்னா தோணுது?”

“சாரே சொல்லிட்டாவ. எனக்கென்னம்மா தெரியும்?”

“சாரு உங்கப்பா சைக்கிள்ல குந்தல. நீதான் குந்துன. சொல்லு.”

அவருக்கு ஒரு கணம் வாய் அசைந்தது. என்னைப் பார்த்தார். நான் படித்தவன் என்பது என் கண்ணாடியிலும் சட்டைப்பையிலிருந்த பேனாவிலும் தெரிந்தது. “ஆச்சும்மா,” என்றார்.

அவள் ஈரத்துணியை மறுபடி போர்த்தினாள். எங்களுக்கு டீ சொன்னாள். டீ வந்தது, குடித்தோம்.

பிறகாவது அந்தக் காதைச் சரிசெய்வாள் என்று நினைத்தேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துதான் பேசினேன்.

திறப்பு விழாவுக்கு ஊரிலிருந்து வந்த அண்ணாச்சியின் அத்தை, மாலை போடும் முன்பே சத்தமாகக் கேட்டுவிட்டார்: “எங்க அண்ணனாடா இது? வெள்ளாட்டுக் காதுல்லா வச்சிருக்கு!” யாரோ அதைக் கைபேசியில் பிடித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஓடி, எனக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள். நடைபாதையில் கிளிப்பும் சீப்பும் விற்கிறவர்களுக்கு அது அடையாளமாகிவிட்டது. “எங்கடா கீற?” “காதுக் கடைக்கு எதிர்ல கீறேன்.” நானே என் காதால் கேட்டேன்.

மாற்றித் தரச் சொல்லி மகன்கள் அவளிடம் போனார்கள். “ஆச்சுன்னு சொன்னியே அண்ணாச்சி,” என்று மட்டும் சொன்னாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்னதே அண்ணாச்சிதான். அவள்மேல் இருந்த வருத்தத்தை என்னிடம் வந்து ஆற்றிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஜாடை தப்புகிறது என்று பேசிக்கொண்டார்கள். கொட்டகைக்கு ஆள் வருவது குறைந்தது. அறக்கட்டளை வேலை என்னிடம் வந்தது. செய்தேன். அந்தத் தலைகள் அடையாறு மண்டபத்தில் வரிசையாக நிற்கின்றன. காலிப்பரால் அளந்தவை. யாரும் அவற்றைப் பார்த்துச் சிரித்ததில்லை. யாரும் அவற்றின்முன் நின்றதும் இல்லை.

அவள் வந்து என்னைக் கிழிகிழி என்று கிழிப்பாள் என்று காத்திருந்தேன். குப்பத்து வாய், சும்மா விடாது என்று என் மனசு சொல்லிக்கொண்டது. அவள் வரவே இல்லை. நான் எப்போதாவது போனால் பழையபடி டீ சொல்வாள், கேலி செய்வாள். அவளுக்குப் புரியவில்லை என்று முடிவுக்கு வந்தேன். அப்படி முடிவுக்கு வருவது வசதியாக இருந்தது.

நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் கழித்துப் போன் செய்தாள்.

“வாத்தியாரே, தலை கீதா இன்னும்? இட்டுகினு வா. காலேஜ்ல உனக்கு மாலையும் கடியாரமும் குட்த்திருப்பானுங்க. நான் ஒரு தலை செஞ்சு தரேன்.”

ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். தகரத்தின் சூடு இறங்கியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் ஒட்டும் ஓசைகூட வெகுநேரம் வரவில்லை.

“என்ன பார்க்கிறே இவ்வளவு நேரம்?”

“திரும்பாத. உன் பின்னந்தலை நல்லாக் கீதுபா. பின்னந்தலைக்குப் பொய் சொல்ல வராது. அதுக்கு வாய் இல்ல பாரு.”

என் பிடரி இறுகியது எனக்கே தெரிந்தது.

“ஏன் கழுத்தக் கல்லாக்குற? லூசா வுடு. மீனு மாதிரி துள்ளாத.”

அடுத்தடுத்த நாட்களிலும் போனேன். பேச்சு எங்கெங்கோ போகும். தியாகராய நகர் பக்கம் மட்டும் போகாது. முகத்துக்கு வந்தபோது என்னை உட்காரக்கூட வைக்கவில்லை. “அது எனக்குத் தெரியும், நீ வூட்டுக்குப் போ,” என்றாள். முடிந்ததும் போன் செய்து, “வூட்டம்மாவ இட்டுகினு வா, ஆச்சு சொல்றதுக்கு,” என்றாள்.

நான் தனியாகப் போனேன். மனைவிக்கு முட்டி வலி என்று சொன்னேன். அவளுக்கு முட்டியில் எந்த வலியும் இல்லை.

துணியை எடுத்தாள். என் தலை. பரீட்சை எழுதும் பையனைப் போலப் பொட்டைத் தேடினேன். காதுகள் சரி. புருவம் சரி. மூக்கு, கண்ணாடி அழுத்திய தழும்பு வரை சரி. வாயிடம் வந்தேன்.

என் வாய் எனக்குத் தெரியும். தினமும் சவரம் செய்கிற வாய். உதடுகள் உள்ளிழுத்து இறுகியிருக்கும். இடது ஓரம் கீழே இழுத்திருக்கும். யாரையாவது பாராட்ட நேரும்போது இன்னும் இழுக்கும். அவள் செய்திருந்த வாய் தளர்ந்திருந்தது. எதையோ மனம்விட்டுச் சொல்லப்போகிற மனிதனின் வாய். அல்லது சொல்லி முடித்து இலேசானவனின் வாய்.

அது நான் இல்லை. பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது. இவள் என்னை இப்படித்தான் பார்க்கிறாள் போலிருக்கிறது, ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் மனசில் வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னா தப்பு? சொல்லு.”

“ஒண்ணுமில்லை. அற்புதமா இருக்கு.”

“வாத்தியாரே. நல்லாப் பாத்து சொல்லு.”

“நல்லாத்தான் பார்த்தேன்.”

அவள் மூங்கில் குச்சியில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்து வாளியில் போட்டாள். “ஆச்சா?”

“ஆச்சு.”

வாளியில் கை கழுவிக்கொண்டாள். டீ சொல்லவில்லை.

அது அன்றைக்கு அண்ணாச்சி முன்னால் கேட்ட அதே கேள்வி, நான் சொன்னதும் அதே பதில் என்பது வெளியே தெருவில் நடக்கும்போதுதான் உறைத்தது. திரும்பிப் போயிருக்கலாம். மெட்ரோ வேலைக்காகத் தெருவை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். திரும்ப வேண்டுமானால் நெடுக நடந்து சுற்ற வேண்டும். அதனால்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் போகலாம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். கொட்டகையிலேயே, மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும்போது மார்வலி வந்ததாம். கல்லறைத் தோட்டத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்களின் பின்னந்தலைகள்தான் தெரிந்தன. பெரும்பாலும் கைம்பெண்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு அவள் தங்கை மகள் ஆட்டோவில் கோணி சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். “பெரியம்மா பிளாஸ்டர்ல ஊத்தி வச்சிருந்தாங்க. உங்க வூட்டுதுன்னு பேர் எழுதி கீது.” அவள் கை பட்டது என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

கூடத்து மேசைமேல் வைத்துக் கோணியைப் பிரித்தபோது தலை சுவர்ப்பக்கம் பார்த்திருந்தது. அடுக்களையிலிருந்து வந்த மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அடடா! நீங்களேதான்! அந்தச் சுழி, அந்தக் கழுத்து மடிப்பு, ஸ்கூட்டர்ல இதைத்தானே பாத்துண்டு வந்தேன் இத்தனை வருஷமா.” கிட்டே வந்து, பிடரியைத் தொட்டுச் சிரித்தாள். பிறகு மேசையைச் சுற்றி முன்பக்கம் போனாள். சிரிப்பு அப்படியே நின்றது. சிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சிலையைப் பார்த்தாள்.

“இது யாரு?”

“நான்தான்.”

“பின்னால நீங்கதான். முன்னால யாரோ நல்ல மனுஷன் மாதிரி இருக்கு.” வேடிக்கையாகத்தான் சொன்னாள். “வாயை இப்படியா வச்சிண்டிருப்பேள் நீங்க? பாத்தப்பவே அவாகிட்ட சொல்லப்படாதோ? ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பாளே.”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

தியாகராய நகரில் அந்த வாசலைக் கடப்பவர்களுக்கு: அந்தக் காது அவளுடைய பிழை அல்ல. அண்ணாச்சியின் விரலுக்காகக் காத்திருந்த இடம் அது. விரலைத் தடுத்தவன் நான்.

என் தலை இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. என்னிடம் அரம் இருக்கிறது. பிளாஸ்டர்தான், உதட்டை இறுக்கி இடது ஓரத்தைக் கீழே இழுக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. ஒருநாள் அரத்தை எடுத்துக்கொண்டு அதன்முன் உட்கார்ந்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஆச்சு என்று சொன்னது நான்தான்.